டெஸ்டர் எரிகிறது, ஆனால் கரண்ட் இல்லை

மதுரையில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1994-இல் கட்டப்பட்டது. அதன் சாப்பாட்டு அறைச் சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டில் அருகருகே இரண்டு பிளக் பாயிண்டுகளும், அவற்றுக்கான சுவிட்சுகளும், டியூப் லைட்டுக்கும் மின்விசிறிக்குமான சுவிட்சுகளும் உள்ளன. சென்ற ஐப்பசி மழையின்போது அந்த இரண்டு பிளக் பாயிண்டுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போயின. விளக்கும் மின்விசிறியும் வழக்கம்போல் இயங்கின. வீட்டு மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரித்தனுப்பும் டிபி பாக்ஸில், மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே அணையும் எம்சிபி சுவிட்சுகள் எதுவும் டிரிப் ஆகவில்லை. டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரிந்தது. ஆனால் செல்போன் சார்ஜரும் ஓடவில்லை, வெந்நீர்க் கெட்டிலும் சூடாகவில்லை.

இப்படி ஆகும்போது நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். கடைக்குப் போய்ப் புதிய சாக்கெட் வாங்கி வந்து, பழையதைக் கழற்றி மாட்டுவோம். சில நேரம் அது பலிக்கும். எங்கள் வீட்டில் அது பலித்திருக்காது, ஏனென்றால் கோளாறு அந்தப் பெட்டியிலேயே இல்லை. சுவருக்கு அப்பால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த வேறொரு பெட்டியில் இருந்தது. அதைத் தேடிச் சென்ற வழியைச் சொல்வது, இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன், வீட்டில் வேறு எந்தெந்தப் பாயிண்டுகள் செத்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டோம். இதற்கு நான் வைத்திருப்பது ஒரு ஹோல்டரில் மாட்டிய 40 வாட் குண்டு பல்பும், அதன் இரண்டு ஒயர்களின் முனையில் ஒரு பிளக்கும்தான். எலக்ட்ரீஷியன்கள் இதை டெஸ்ட் லேம்ப் என்பார்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. அது மிகக் குறைந்த கசிவு மின்சாரத்திலேயே மினுக்கென்று எரிந்து ஆளை ஏமாற்றிவிடும். அறை அறையாகச் செருகிப் பார்த்ததில், சமையல் மேடைக்கு மேலிருக்கும் 16 ஆம்பியர் பாயிண்ட் நன்றாக இருந்தது. சாப்பாட்டு அறையின் இரண்டும் செத்திருந்தன. அதற்கு அப்பால் ஸ்டோர் ரூமில், மூட்டைகளுக்குப் பின்னால் யாரும் கவனிக்காத ஒரு பாயிண்டும் செத்திருந்தது. அந்த மூன்றாவது பாயிண்டைக் கண்டதும் விஷயம் பாதி விளங்கிவிட்டது. ஒரே நாளில் தனித்தனியாக மூன்று சாக்கெட்டுகள் கெட்டுப்போவதில்லை. மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஓர் இணைப்பு விட்டிருக்க வேண்டும்.

அடுத்து, எந்தப் பாயிண்ட் எந்த எம்சிபியில் வருகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். எம்சிபி டிரிப் ஆனால் அதன் கைப்பிடி எல்லாச் சமயத்திலும் முழுவதும் கீழே வந்துவிடாது. சில தயாரிப்புகளில் நடுவில் நின்றுகொள்ளும், பார்வைக்கு ஆன் நிலையில் இருப்பதுபோலவே தோன்றும். ஆகையால் ஒருமுறை முழுவதும் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றுவது நல்லது. அப்படிச் செய்தும் பாயிண்டுகள் உயிர்பெறவில்லை. ஆனால் ஓர் உண்மை தெரிந்தது: சாப்பாட்டு அறைப் போர்டில் விளக்கும் மின்விசிறியும் லைட்டிங் லைனில் இருந்தன, பிளக் பாயிண்டுகள் சமையலறைப் பவர் லைனிலிருந்து வந்தன. ஒரே பெட்டிக்குள் இரண்டு லைன்கள். விளக்கு எரிவதால் பிளக் பாயிண்டுகளுக்கும் கரண்ட் வருகிறது என்று முடிவு கட்டுவது தவறு என்பதற்கு இதுவே காரணம். இது உயிருக்கே ஆபத்தாகக் கூடியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி டெஸ்டருக்கு வருவோம். சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் மேலே தடித்த துளை எர்த், வலப்பக்கம் மின்சாரம் வரும் பேஸ், இடப்பக்கம் அது திரும்பிப் போகும் நியூட்ரல் என்பது நம் ஊர் முறை. சுவிட்சைப் போட்டு வலத்துளையில் டெஸ்டரை வைத்தால் எரிந்தது, அணைத்தால் எரியவில்லை. எனவே பேஸ் வருகிறது, சுவிட்சும் சரியாக இருக்கிறது. பலரும் இந்த இடத்தில், "கரண்ட் இருக்கு, சார்ஜர்தான் போச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். டெஸ்டர் பேஸ் ஒயரைப் பற்றி மட்டுமே சொல்லும். அதற்குள் ஒரு சிறு நியான் விளக்கும் பெரிய மின்தடையும் இருக்கின்றன. மிகமிகச் சிறிய மின்னோட்டம் நம் உடல் வழியாகப் போவதாலேயே அது எரிகிறது. கருவி இயங்க வேண்டுமானால் பேஸில் வந்த மின்சாரம் நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். திரும்பும் வழி இருக்கிறதா என்பது டெஸ்டருக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. ஒரு பாயிண்டில் சார்ஜரைச் செருகி சுவிட்சைப் போட்டுவிட்டு, பக்கத்துப் பாயிண்டின் இடத்துளையில், அதாவது நியூட்ரலில் டெஸ்டரை வைத்தோம். அதுவும் எரிந்தது. நியூட்ரல் ஒழுங்காக இருந்தால் அங்கே எரியக் கூடாது. எங்கோ நியூட்ரல் அறுந்திருப்பதால், சார்ஜருக்குள் சென்ற பேஸ் திரும்பிப் போக வழியில்லாமல் மறுபக்க ஒயர் முழுவதையும் பேஸாகவே ஆக்கிவிடுகிறது. இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்து கருவி மட்டும் ஓடாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நியூட்ரலைத்தான்.

இதில் அச்சமூட்டிய விஷயம் இனிதான். சார்ஜரைப் பிடுங்கி, போர்டிலுள்ள இரண்டு பிளக் சுவிட்சுகளையும் அணைத்த பிறகும் இடத்துளையில் டெஸ்டர் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. காரணம் ஸ்டோர் ரூமில் இருந்தது. அங்கே ஓர் எமர்ஜென்சி லைட் சார்ஜில் செருகப்பட்டு, சுவிட்சும் போடப்பட்டிருந்தது. அதன் வழியாக வந்த பேஸ், அறுந்த நியூட்ரல் ஒயரில் ஏறி, சாப்பாட்டு அறைச் சாக்கெட்டின் நியூட்ரல் முனை வரை வந்து நின்றது. சுவிட்சை அணைத்துவிட்டோம், கறுப்பு ஒயர் நியூட்ரல்தானே என்று யாராவது திருப்புளியோடு கைவைத்திருந்தால் நன்றாக வாங்கியிருப்பார்கள். போர்டிலுள்ள சுவிட்ச் பேஸை மட்டுமே துண்டிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டிக் காட்டிய மீட்டர், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பூஜ்யத்தைக் காட்டாமல் ஒரு நிலையில் நில்லாத ஏதோ ஓர் எண்ணைக் காட்டியது. ஒரே பைப்பில் நெருக்கமாக ஓடும் ஒயர்களில், அறுந்து தொங்கும் ஒயரும் பக்கத்து ஒயரின் பாதிப்பால் சிறிது மின்னழுத்தத்தைக் காட்டும். டிஜிட்டல் மீட்டர் மின்னோட்டத்தை மிகமிகக் குறைவாகவே இழுக்கும் என்பதால் அந்தப் போலி அழுத்தத்தையும் உண்மைபோல் காட்டிவிடும். டெஸ்ட் லேம்பைச் செருகினால் சந்தேகம் தீர்ந்துவிடும். எரியவில்லை என்றால் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அதே டெஸ்ட் லேம்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பார்க்கும் பழைய பழக்கம், மின்கசிவு இருந்தால் தானாகவே அணையும் ஆர்சிசிபி பொருத்திய வீடுகளில் உதவாது. 40 வாட் பல்பு சுமார் 170 மில்லி ஆம்பியர் எடுக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழ வேண்டிய ஆர்சிசிபி உடனே விழுந்து வீடே இருட்டாகிவிடும்.

இதற்கு மேல் பெட்டிகளைத் திறக்கும் வேலைக்கு எங்கள் தெருவில் நெடுநாளாக வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்தேன். வயர்மேன் தகுதிச் சான்று பெற்றவர்; ஒயர் அளவை இன்றும் 3/20, 7/20 என்றே சொல்பவர். கடையில் ஒன்றரை ஸ்கொயர், இரண்டரை ஸ்கொயர் என்று சதுர மில்லிமீட்டர் கணக்கில் கேட்கப் பழகிய என்னைப் போன்றவர்கள் அவரிடம் ஒருமுறை மனக்கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் சாப்பாட்டு அறைப் போர்டைக் காட்டியதும் அவர் அதைத் தொடவே இல்லை.

"தம்பி, செத்த பாயிண்டைக் கழட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் கெடைக்காது. இதுக்கு லைன் எங்கிட்டிருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க."

"அது எப்படிண்ணே தெரியும்? ஒயரெல்லாம் சுவத்துக்குள்ள இருக்கே."

"எது கடைசியா உயிரோட இருக்கு? அடுப்பு மேடை பாயிண்டு. எது முதல்ல செத்துருக்கு? இது. அப்ப சண்டை அதுக்கும் இதுக்கும் நடுவுலதான். அந்தப் பொட்டிய மொதல்ல தொறப்போம்."

நம் வீடுகளில் பிளக் பாயிண்டுகளுக்குத் தனித்தனியாக டிபியிலிருந்து ஒயர் இழுப்பது அரிது. ஒரு பாயிண்டின் முனையில் வந்து சேரும் ஒயரோடு இன்னொரு ஒயரையும் சேர்த்துத் திருகி, அங்கிருந்து அடுத்த பாயிண்டுக்குக் கொண்டுபோவார்கள். இதை லூப் அடிப்பது என்பார்கள். லூப் அடித்த வரிசையில் ஒரு முனை தளர்ந்தால், அந்தப் பாயிண்ட் நன்றாக இருக்க, அதற்கு அப்பால் உள்ளவை மட்டும் செத்துப்போகும். ஆகவே கடைசியாக உயிருள்ள பெட்டி, முதலில் செத்த பெட்டி என்ற இரண்டையும் திறந்தால் பெரும்பாலும் போதும். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால்தான் சுவருக்குள் இருக்கும் பைப்பையோ, கூரையை ஒட்டிய ஜங்ஷன் பாக்ஸையோ சந்தேகிக்க வேண்டும்.

திறப்பதற்கு முன் மெயினை அணைத்தோம். அதோடு அண்ணன் நிற்கவில்லை. நேராக இன்வெர்ட்டரிடம் போய் அதையும் அணைத்து, அதன் வெளியீட்டு ஒயரையும் பிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் லைட்டிங் லைன் இன்வெர்ட்டரில் இருக்கிறது. மெயினை இறக்கியதும் மின்வாரியக் கரண்ட் நின்றுவிட்டது என்று எண்ணி இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கிவிடும். சாப்பாட்டு அறைப் பெட்டிக்குள் பிளக் பாயிண்டுகள் செத்திருக்க, அவற்றுக்கு ஓர் அங்குலம் தள்ளி லைட்டிங் லைன் 230 வோல்ட்டோடு உயிரோடு இருந்திருக்கும். மெயின் ஆஃப் என்ற நம்பிக்கையில் கைவைப்பவர்களுக்கு இன்றைய தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் பெரிய பொறி இது என்பது என் கருத்து. அணைத்த பிறகும் அவர் டெஸ்டரை நேரடியாகப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அணைப்பதற்கு முன்பே உயிருள்ள ஒரு பாயிண்டில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்து வைத்திருந்தார். அணைத்தபின் பெட்டியின் ஒவ்வொரு முனையிலும் வைத்து எரியவில்லை என்று உறுதி செய்துகொண்டார். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாதுதானே.

சமையலறைப் பெட்டியின் முன்தகட்டைக் கழற்றியதும் மீன் கருகியதுபோல ஒரு வாடை வந்தது. சாக்கெட்டின் பின்புறத்தில் பேஸ் முனையும் எர்த் முனையும் பித்தளை நிறத்தோடு இருந்தன. நியூட்ரல் முனை மட்டும் கறுத்திருந்தது. அதில் இரண்டு ஒயர்களைச் சேர்த்துச் செருகித் திருகியிருந்தார்கள்; ஒன்று டிபியிலிருந்து வருவது, மற்றொன்று சாப்பாட்டு அறைக்குப் போவது. வருவது பிடிப்போடு இருந்தது. போவதன் முனையில் மேலுறை இரண்டு விரற்கடை நீளத்துக்குக் காய்ந்து, நகத்தால் தொட்டதும் ஓடுபோல உதிர்ந்தது. உள்ளே செம்புக் கம்பிகள் நீலமும் கறுப்புமாக நிறம் மாறியிருந்தன. திருகு கம்பியின் மேல் முழுமையாக இறங்காமல் பாதி மேலுறையின் மேல் இறங்கியிருந்ததால், சில இழைகள் மட்டுமே இத்தனை ஆண்டுகளாக அந்த இணைப்பைத் தாங்கி வந்திருக்கின்றன. மழைக்கால ஈரத்தில் அவையும் அரித்துப்போய்விட்டன.

இத்தனை சூடாகியும் எம்சிபியோ ஆர்சிசிபியோ ஏன் விழவில்லை என்ற கேள்வி இயல்பாக எழும். அவை விழுவதற்கு இங்கே காரணமே இல்லை. எம்சிபி அளவுக்கு மீறிய மின்னோட்டம் வந்தால் விழும். லூஸ் கனெக்ஷனில் மின்னோட்டம் கூடுவதில்லை. ஆர்சிசிபி, பேஸில் போனது நியூட்ரலில் முழுவதுமாகத் திரும்பாவிட்டால் விழும். லூஸ் கனெக்ஷனில் போனதெல்லாம் திரும்பவே செய்கிறது. ஒரு சிறு கணக்கில் இது தெளிவாகும். எங்கள் கெட்டில் 1500 வாட். 230 வோல்ட்டில் அது சுமார் 6.5 ஆம்பியர் எடுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் அதைச் செருகுவதே சற்று அதிகம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தளர்ந்த முனையின் மின்தடை வெறும் அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு புள்ளியில் 21 வாட் வெப்பம் உண்டாகும். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைச் சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடியதற்கு ஒப்பானது இது. அதே நேரத்தில் கெட்டிலுக்குக் குறைவதோ 3 வோல்ட்தான். வெந்நீர் வழக்கம்போல் கொதிக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

பழுதை நீக்கியது பெரிய வேலையாக இல்லை. கருகிய பகுதியை வெட்டி, செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை போனார். அங்கே வழக்கமான சிக்கல் வந்தது: வெட்டியதும் ஒயர் முனைக்கு எட்டவில்லை. இந்த இடத்தில் பலர் ஒரு துண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவார்கள். டேப்பின் பசை நம் ஊர் வெயிலில் சில கோடைகளுக்குக்கூடத் தாங்காது. அண்ணன் ஒரு திருகுக் கனெக்டரை எடுத்து, வரும் நியூட்ரல், போகும் நியூட்ரல், சாக்கெட்டுக்கான ஒரு குட்டி ஒயர் ஆகிய மூன்றையும் அதில் சேர்த்தார். இனி சாக்கெட் கெட்டாலும், அதைக் கழற்றினாலும், அப்பாலுள்ள பாயிண்டுகள் சாகாது. சூடு பட்ட சாக்கெட்டையும் அவர் திரும்ப மாட்டவில்லை. உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகள் சூட்டில் விறைப்பு இழந்துவிட்டால் பிளக்கின் பின்னை இறுக்கிப் பிடிக்காது, அங்கே மறுபடி இதே கதை தொடங்கும். பிளக், சாக்கெட்டுகளுக்கான தர எண்ணான ஐஎஸ் 1293-உடன் ஐஎஸ்ஐ முத்திரை பதித்த புதிய 16 ஆம்பியர் சாக்கெட்டைப் பொருத்தினோம்.

பல்பு எரிந்ததும் வேலை முடிந்தது என்று நாங்கள் எழுந்துவிடவில்லை. லூஸ் கனெக்ஷன் சுமை ஏறும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். ஸ்டோர் ரூம் பாயிண்டில் சுமை இல்லாமல் மின்னழுத்தத்தை அளந்துவிட்டு, சாப்பாட்டு அறைப் பாயிண்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போட்டு மீண்டும் அளந்தோம். சில வோல்ட் குறைந்தால் அது ஒயரின் இயல்பு. பத்துப் பதினைந்து வோல்ட் இறங்கினால் இன்னும் எங்கோ தளர்வு இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு 2 வோல்ட்டே இறங்கியது. சிறிது நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி அதன் பின்களின் அருகே தொட்டுப் பார்த்ததில் சூடு தெரியவில்லை.

எல்லா வீட்டிலும் நியூட்ரல்தான் காரணமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. டெஸ்டர் எந்தத் துளையிலும் எரியாவிட்டால் பேஸ் வரவில்லை. அப்போது சுவிட்சின் உள்முனை தேய்ந்திருக்கலாம், அதைப் போடும்போது கிர்ரென்ற ஓசை கேட்டிருக்கும். எறும்புகள் சுவிட்சுக்குள் மண் சேர்த்திருக்கலாம், பல்லி மாட்டியிருக்கலாம், படம் மாட்ட ஆணி அடித்ததில் பைப் துளைபட்டிருக்கலாம். எம்சிபி விழுந்துகொண்டே இருந்தால் அதைவிடப் பெரிய எம்சிபியை மாட்டுவது தீர்வே ஆகாது. பழைய பீஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டியதன் புதுவடிவம் அது. ஒரு பாயிண்ட் மட்டுமல்லாமல் வீடு முழுவதும் சில விளக்குகள் மங்கி, சில விளக்குகள் அளவுக்கு மீறிப் பிரகாசமானால், அது வீட்டுக்கு வரும் நியூட்ரலிலேயே கோளாறு. மூன்று பேஸ் இணைப்புள்ள வீடுகளில் அப்போது சில பாயிண்டுகளில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கி, டிவியும் பிரிட்ஜும் புகைந்துவிடும். டெஸ்டரைத் தேடாமல் உடனே மெயினை இறக்கிவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்வதே சரி.

மூன்று பாயிண்டுகளும் உயிர்பெற்ற பின் ஒவ்வொன்றிலும் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பார்த்ததில், ஸ்டோர் ரூமில் மட்டும் மீட்டர் உருப்படியான எண்ணைக் காட்டவில்லை. திறந்தால், சாக்கெட்டில் மூன்று துளைகள் இருந்தாலும் எர்த் முனையில் ஒயரே இல்லை. பேஸும் நியூட்ரலும் மட்டும் வந்திருந்தன. எமர்ஜென்சி லைட்டுக்கு அது பொருட்டில்லை. ஆனால் அங்கேதான் பழைய கிரைண்டரை வைத்து மாவாட்டுவதாக வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் பைப்புக்குள் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டுப் பார்த்தார். நல்லவேளையாக வழியில் சிமென்ட் அடைத்திருக்கவில்லை. சாப்பாட்டு அறைப் பெட்டியிலிருந்து ஒரு பச்சை ஒயரை இழுத்து இணைத்த பிறகே கிரைண்டருக்கு அந்தப் பாயிண்டைக் கொடுத்தோம்.